மாப்பிள்ளையின் கட்டிக்கு மட்டும் பிடித்த சாயம்

என் ஒரே தங்கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பந்தியில் முதல் இலையைப் பிடித்துக்கொண்டு, மேலுலகத்திலும் எனக்கு முந்திப் போய் இடம் போட்டுவிட்ட என் அருமை மாப்பிள்ளை சென்னியப்பனுக்கு,

நொய்யல் ஆற்றின் இரு கரைக்கும் நடுத் தண்ணீருக்கும் நிறம் கொடுத்த சாயச் சக்கரவர்த்தி, உங்கள் மச்சான் வேலுச்சாமி எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்க மாட்டேன். உங்களுக்கு எங்கே குறை வந்திருக்கிறது? அங்கே எமதர்மனே எழுந்து நின்று, "வாங்க மாப்பிள்ளை, காப்பி சாப்பிடறீங்களா" என்று கேட்டிருப்பான். நான் வந்தால் மட்டும், "சாயத் தண்ணியை எங்கே விட்டாய்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பயந்துதான் நான் இன்னும் கிளம்பாமல் இருக்கிறேன் என்று ஊரில் பேச்சு.

உங்கள் மேல் எனக்குப் பொறாமை என்பது புதிய செய்தி அல்ல. அவிநாசித் தேர்வீதியில் நின்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவர் மேல் பொறாமை குறையாமல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவது இந்தப் பூமியில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும். இருந்தபோது உங்களிடம் கார் இருந்தது, கம்பெனி இருந்தது, தலையில் முடி இருந்தது. இப்போது அதையெல்லாம் விடப் பெரிய ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. அனுப்பர்பாளையத்து வீட்டுக் கூடத்தில் உங்கள் படம் மாட்டியிருக்கிறது. தினமும் புதுச் சரம். படத்தில் நீங்கள் போட்டிருக்கும் காலர் வைத்த டி-ஷர்ட், என் பட்டறையில் சாயம் ஏறிய துணி. அந்தத் துணி வந்த அன்று, "ஏனுங்க மச்சான், இது கருநீலமுங்களா, கத்திரிக்காயுங்களா" என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். அந்தக் கத்திரிக்காய்க்குத்தான் இப்போது தினமும் சூடம் காட்டுகிறார்கள். என் பெயரைச் சொல்ல ஆளில்லை.

பனியன் கம்பெனியைச் சரசு பார்க்கிறாள். உங்களைவிட நன்றாகப் பார்க்கிறாள். வடக்கே இருந்து வேலைக்கு வந்த பையன்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம், "ஜல்தி கரோங்க சாமி" என்கிறாள் என் தங்கை. அந்தப் பையன்களும், "ஹாங்ஜிங்க" என்கிறார்கள். இரண்டு மொழியும் பிழைக்குமா என்று தெரியவில்லை. ஆர்டர் மட்டும் நேரத்துக்குக் கப்பல் ஏறுகிறது.

இனி முக்கியமான செய்தி. எனக்கும் வந்துவிட்டது, மாப்பிள்ளை.

அதே பெருங்குடல் புற்று. அதே இடது பக்கம். அதே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, அதே டாக்டர். அவர் என்னைப் பார்த்ததும், "நீங்க சென்னியப்பன் மச்சான்தானே" என்றார். என் வயிற்றைத் திறப்பதற்கு முன்னாலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து விவரம் சொன்னேன். என் மனைவி ருக்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எதுலயாச்சும் நீங்க சொந்தமா யோசிச்சிருக்கறீங்களா? மாப்பிள்ளை காரு வாங்குனா காரு, மாப்பிள்ளை மாடி கட்டுனா மாடி. இப்ப இதையுமா" என்று கேட்டாள். அழுகிறாளா திட்டுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. என் வயிற்றைத் திறந்தபோது கொங்கு மண்டலம் முழுவதும் மின்சாரம் ஒரு கணம் மங்கிப் பிரகாசித்ததாகக் கேள்வி. எடுத்த கட்டி பூசணிக்காய் அளவு இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். எலுமிச்சம்பழம்கூட இல்லையாம். கண் விழித்ததும் சரசு பக்கத்தில் நின்றுகொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கங்ணா. அவரு இதே ரூம்புல மொனகக்கூட இல்ல" என்றாள். உடனே எனக்கு வலி இரண்டு மடங்காகிவிட்டது.

கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது, ஆனால் பக்கத்து நிணநீர்க் கணுக்களில் கொஞ்சம் தெரிகிறது என்றார் டாக்டர். அதனால் காயம் ஆறியதும் சில மாதங்களுக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அந்த மருந்து ஏற்றிய நாட்களில் கார் ஓட்டியவன் நான். கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்வீர்கள். புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஏனுங்க மச்சான், ஏசியக் கொஞ்சம் கூட்டி வெய்யுங்க" என்பீர்கள், அவ்வளவுதான். அவ்வளவையும் தாங்கினீர்கள். வயிற்றுக் காயத்தின் தழும்பு மங்குவதற்குள் அது ஈரலில் திரும்பி வந்து நின்றது. அந்தப் பாதையில் இன்னொரு முறை போக எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுநர் சீட்டில் போனதே போதும்.

அப்போதுதான் உங்கள் மகள் விடுமுறைக்கு வந்தாள்.

வளர்மதி சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது வரை நீங்கள் பார்த்தீர்கள். புற்றுநோயில் எதைப் பிடித்து ஆராய்ச்சி என்பது நீங்கள் போன பிறகு முடிவானது. மனிதனுக்குள் இருக்கிற ஜீன்களையெல்லாம் படித்து முடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்ததே, நினைவிருக்கிறதா? படித்தது எழுத்துக்கூட்டித்தானாம். எது என்ன வேலை செய்கிறது என்பது பாதிக்கு மேல் இன்னும் தெரியாதாம். பேர் பெற்ற ஜீன்களுக்குப் பின்னால் உலகமே ஓடிக்கொண்டிருக்க, பஸ் போகாத சந்தில் குடியிருக்கிற, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு ஜீனை உங்கள் மகள் பிடித்துக்கொண்டாள். வேறு எடுத்துக்கொள்ளச் சொல்லி அவளுடைய பேராசிரியரே சொல்லிப் பார்த்தாராம். அவள் கேட்கவில்லை. பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அதுக்குப் பேரு என்ன கண்ணு?" என்று கேட்டேன். இரண்டு மூன்று எழுத்தும் சில எண்களும் சொன்னாள்.

"இது பேரா? டவுன் பஸ் நம்பராட்ட இருக்குது."

"அதப் பத்தி இன்னும் யாருக்கும் பெருசாத் தெரியலீங்க மாமா. வேலை என்னன்னு தெரிஞ்சாத்தான் ஒழுங்கா ஒரு பேரு வெப்பாங்க."

"காது குத்தறதும் பேரு வெக்கறதும் தாய்மாமன் மடியிலதான். எழுதிக்க. வேலுச்சாமி ஜீன்."

சமையலறையிலிருந்து சரசு, "வெச்சுரு கண்ணு. எங்கண்ணன் பேர வெச்சா அது வேலையே செய்யாது. புத்துநோய் தானா நின்னுரும்" என்றாள். உங்கள் மகள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த முறுக்கு உருண்டு போனது.

சிரித்து முடித்துவிட்டு விளக்கினாள். அந்த ஜீன் எல்லார் உடம்பிலும் இருக்கிறதாம். நல்ல உடம்பில் சும்மா கிடக்கிறது. சிலருடைய புற்றுக்கட்டிக்குள் மட்டும் மூன்று ஷிப்ட் ஓடுகிற மாதிரி ஓயாமல் ஓடுகிறது. கண்ணாடித் தட்டில் வளர்க்கிற புற்றுச் செல்களில் அதை அடக்கிப் பார்த்திருக்கிறாள். செல்கள் பெருகுகிற வேகம் குறைந்திருக்கிறது. அப்படியானால் மருந்து குறிவைக்க அது ஒரு நல்ல இடமாக இருக்கலாம். இன்னொன்று, யாருக்கு நோய் சீக்கிரம் திரும்பும் என்று முன்கூட்டியே காட்டுகிற அடையாளமாகவும் அது ஆகலாம். எல்லாம் 'லாம்', 'லாம்' என்றுதான் சொன்னாள். எனக்கு 'லாம்' காதில் விழவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் மருமகள் கையில் எனக்கென்று ஒரு மருந்து உருவாகிறது. அளவெடுத்துத் தைத்த சட்டை வரும்போது ஃப்ரீ சைஸ் பனியன் எதற்கு?

"மாமா, மருந்துன்னு ஒண்ணு வர இன்னும் எத்தனையோ வருசம் ஆகுமுங்க. நாங்க இன்னும் எலி வரைக்குங்கூடப் போகல."

"எலிக்கு முன்ன என்றமேல போட்டுப் பாரு."

"விளையாடாதீங்க மாமா. டாக்டர் சொன்ன மருந்த ஏத்திக்கங்க."

"ஏத்திக்கறன் கண்ணு, ஏத்திக்கறன். காயம் ஆறட்டும்."

காயம் ஆறித்தான் இருந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வாளோ என்று இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்துப் பத்திரமாக வைப்பார்களாம். பிளாக் என்று பெயர். சரசு சம்மதம் சொல்லி, உங்களுடைய பிளாக் உங்கள் மகளின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அந்தப் பெரிய சென்னைப் பட்டணத்தில், குளிர்சாதன அறையில், நீங்கள் கொலுவிருக்கிறீர்கள். இது எனக்குத் தெரியாது. இருந்தபோதும் பெரிய மனிதர், இறந்த பின் விஞ்ஞானம். எனக்கு மட்டும் என்ன, நான் என்ன குறைந்த கட்டியா வளர்த்தேன்?

"என்றதையும் எடுத்துக்க" என்றேன். அவள் தயங்கினாள். சொந்தக்காரர்களுடையது வேண்டாமே என்று நினைத்தாளோ என்னவோ. நான் விடவில்லை. முறைப்படி கையெழுத்துப் போட்டேன். நாட்டையே எழுதிக் கொடுக்கும் மன்னன் போல, பேனாவை ஒருமுறை காற்றில் சுழற்றிவிட்டுத்தான் போட்டேன். என் பிளாக்கும் சென்னைக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு மருந்து ஏற்ற எப்போது வருகிறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். ஊரில் இல்லை என்று ருக்மணியைச் சொல்லச் சொன்னேன். அவள் போனில், "ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொல்றாருங்க" என்று அப்படியே சொன்னாள். சரசு தினமும் ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போனாள். "அவரு போனாரு. நீங்களும் போனா எனக்கு அண்ணன்னு சண்டை போட யாரு இருக்கறாங்க" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, பதில் வாங்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அசையவில்லை. மருந்து தயாராகிறது என்பதே என் பதில்.

என் சாம்பிளில் வேலை முடிந்துவிட்டதா என்று போனில் கேட்டுக் கேட்டு, முடிந்தது என்று அவள் வாயிலிருந்து வந்ததும் சென்னைக்கு ரயில் ஏறினேன். கையில் ஒரு மூட்டை எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டி-ஷர்ட். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாருக்கும் கொடுத்தேன். பேராசிரியர் அம்மாவுக்கு மட்டும் தையல் கோணாத ஒன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் அதை உடம்போடு வைத்து அளந்து பார்த்துவிட்டு, "மாமாவுக்குக் காட்டும்மா" என்று உள்ளே அனுப்பினார். ஒரு நாட்டு விஞ்ஞானத்தை எப்படி அணுகுவது என்பது திருப்பூர்க்காரனுக்குத்தான் தெரியும்.

உங்கள் மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இல்லை, நீங்கள் பார்க்காதது நல்லது. பார்த்திருந்தால் அன்றைக்கே அந்தக் கோட்டுத் துணி எத்தனை கவுண்ட் நூல் என்று கேட்டு மானத்தை வாங்கியிருப்பீர்கள்.

அந்த ஜீன் ஓடுகிற இடத்தில் ஒரு புரதம் உண்டாகுமாம். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்கிற ஒன்றை ஊற்றி, பிறகு பழுப்பு நிறம் ஏற்றுகிறார்கள். புரதம் நிறைய இருந்தால் கரும்பழுப்பு. இல்லாவிட்டால் பழுப்பு ஏறாது, அடியில் பொதுவாக ஏற்றுகிற வெளிர்நீலம் மட்டும் தெரியும். இதை அவள் சொல்லத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பருத்திக்குப் பிடிக்கிற சாயம் பாலியஸ்டருக்குப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்குப் பட்டம் வேண்டுமா? மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். ஷேடு பார்ப்பதற்கென்றே பிறந்த கண் இது.

கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய முதல் கண்ணாடியை வைத்தாள். மாப்பிள்ளை, அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே சீர். திட்டு இல்லை, வரி இல்லை.

"யாரு கண்ணு போட்ட சாயம்? என்ற பட்டறைல இப்படி ஒரு லாட்டு இறங்குனதே இல்ல."

"நான் போட்டதுதானுங்க மாமா." கண்ணாடியை எடுத்து அதன் ஓரத்தைத் துடைத்தாள். "அது அப்பாதுங்க."

அடுத்ததை வைத்தாள். வெளுத்துப்போன நீலம். அங்கங்கே பழுப்பா அழுக்கா என்று சொல்ல முடியாத ஒரு சாயல். பல தடவை துவைத்துக் கொடியில் காய்ந்த பனியன் மாதிரி இருந்தது.

"இது யாரோ பாவப்பட்ட ஜீவன்" என்றேன்.

"உங்களுதுங்க மாமா."

என் நிலைமையை எண்ணிப் பாருங்கள். நம் தொழிலில் அடர்நிறத்துக்குத்தானே கூலி கூட? வெளிர் நிறம் எந்தப் பட்டறையிலும் ஏறும். கருப்பும் கருநீலமும் ஏற்றத்தானே கைதேர்ந்த ஆள் வேண்டும்? கட்டியிலும் உங்களுடையது முதல் தரம், என்னுடையது ரிஜெக்ட்.

"இன்னொரு தடவை முக்கியெடு கண்ணு. உப்பு பத்தல."

"இதுக்கு உப்பெல்லாம் போடறதில்லீங்க மாமா."

"சூடாவது ஏத்துனயா? அப்பனுக்கு மட்டும் நல்லாப் போட்டிருக்கறே."

"அப்பாத மொதத் தடவை போட்டப்பவும் சரி, உங்களுதும் சரி, பேரே தெரியாமத்தானுங்க போட்டோம். நம்பர் மட்டுந்தான் இருக்கும். எல்லாம் பாத்து எழுதி முடிச்சப்பறந்தான் எது யாருதுன்னு மேடம் பிரிச்சுக் காட்டுனாங்க."

"நம்பர்லயே உங்கப்பனக் கண்டுபிடிச்சிருப்பே."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். இந்த வயதில், ஆராய்ச்சிக்கூடத்து வாசலில், ஒரு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத்தில், என் கட்டி போதிய அளவு கருக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உங்கள் மகள் இரண்டு டீயோடு வந்தாள்.

"மாமா, அந்த நிறம் நல்லதில்லீங்க."

நான் டீயை வாங்கிக்கொண்டேன். அவள் கீழே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்படிக் கருத்து வந்தவங்களுக்குத்தான் சீக்கிரமாத் திரும்பி வந்திருக்குது. நாங்க பாத்த வரைக்கும் அப்படித்தான். இன்னும் நெறையப் பேருதப் பாக்கோணும், வேற ஊர்லயும் பாக்கோணும், அப்பறந்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா அப்பாது ஏன் அத்தன வேகமாப் போச்சுன்னு எனக்கு இது ஒண்ணுதான் கொஞ்சமாச்சும் சொல்லுது."

 திட்டே இல்லை என்று மெச்சினேனே, மாப்பிள்ளை. ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் சீர் என்று சொன்னேனே. அந்தச் சீர்தான் உங்களை எடுத்துக்கொண்டு போனதா? அதை வைத்தா நான் பொறாமைப்பட்டேன்?

"அப்ப என்றது வெளுத்தது நல்லதா?"

"நல்லதுன்னும் சொல்ல மாட்டனுங்க. உங்களுக்குக் கணுவுல இருந்திருக்குது. இத வெச்சு உங்களுக்கு வைத்தியம் சொல்ற அளவுக்கு நாங்க இன்னும் வரல. உங்களுக்கு டாக்டர் சொன்னதுதான்."

"நீ கண்டுபிடிக்கப்போற மருந்து?"

"அது வந்தாலும் உங்களுக்கில்லீங்க மாமா. அந்த மருந்து குறிவெக்கற சமாச்சாரமே உங்க கட்டில இல்ல. அது அப்பா மாதிரி இருக்கறவங்களுக்கு."

பாருங்கள். மருந்தும் உங்களுக்குத்தான். இல்லாத உங்களுக்கு, இன்னும் பிறக்காத மருந்து. நான் எதற்காக இத்தனை நாள் வாசலில் பாய் விரித்துக் காத்திருந்தேன்?

நான் என் டீயைக் குடித்து முடித்தேன். அவளாகவே சொன்னாள். ஒவ்வொரு முறை புதிதாகச் சாம்பிள்களுக்கு நிறம் ஏற்றும்போதும், ஏற்கெனவே கருக்கும் என்று தெரிந்த ஒன்றைக் கூடவே வைத்து ஏற்ற வேண்டுமாம். அது கருத்தால்தான் அன்றைக்கு வேலை சரி. அது கருக்காவிட்டால் மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்படி வைப்பது உங்களுடையதை. இருந்தபோது என் துணிக்கு ஓகே சொன்னவரும் நீங்கள்தான், போன பிறகு உங்கள் மகள் ஆராய்ச்சிக்கு ஓகே சொல்கிறவரும் நீங்கள்தான். எனக்கு வயிறு எரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை போனில், "சாப்பிட்டீங்களா மாமா" என்று எனக்கு. உங்களுக்கோ தினமும் நேரில் தரிசனம்.

"ஒவ்வொரு தடவையும் முதல்ல அப்பாதத்தான் பாப்பனுங்க" என்றாள். "ஆனா ஒவ்வொரு தடவையும் பிளாக்குலருந்து ஒரு சீவல் எடுக்கோணும். தேஞ்சுட்டே வருதுங்க மாமா. இன்னும் கொஞ்சந்தான் இருக்குது. மேடம் வேற ஒருத்தருத வெச்சுக்கோங்கறாங்க. எனக்கு மாத்த மனசு வரல."

அவளுடைய டீ அப்படியே ஆறிக்கிடந்தது.

"அதும் தீந்துருச்சுன்னா அப்பாவப் பாக்கறதுக்கு எனக்கு வேற வழியில்ல. உங்களையும் நான் அந்தக் கண்ணாடிக்குக் கீழயே பாக்கற மாதிரி பண்ணிப்புடாதீங்க மாமா."

மாப்பிள்ளை, எனக்கு வாய் கொஞ்சமா? மைக் இல்லாமல் பொதுக்கூட்டம் பேசுகிறவன். அந்தப் பிள்ளை அதைச் சொன்னதும் என்ன செய்தேன் தெரியுமா? கப்பைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு அவளுடைய கப்பையும் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன். திரும்பி வந்து, "கோயம்புத்தூர் டாக்டர் நம்பரு உன்ற போன்ல இருக்குதா" என்று கேட்டேன். இருந்தது. அங்கேயே நின்று பேசினேன். டாக்டர் என்னைக் கொஞ்சம் திட்டினார். அவருக்கு அந்த உரிமை உண்டு. இனி ஒரு நாளும் தள்ளாதீர்கள் என்றார். தள்ளவில்லை.

என்னை ரயில் ஏற்ற அவளும் சென்ட்ரலுக்கு வந்தாள். பிற்பகல் ரயில். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆராய்ச்சி, தூக்கமின்மை, எல்லாம் சேர்ந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நல்ல கனமான தலை, மாப்பிள்ளை. படிப்பு முழுவதும் அதற்குள்தானே இருக்கிறது. என் ரயில் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். முறுக்கு விற்கிறவர் என்னையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்தார். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். ரயில் கிளம்பிப் போயிற்று. நான் அசையவில்லை.

உலகத்திலுள்ள எல்லாமும் உங்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. அந்தக் கரும்பழுப்பும் உங்களுக்கே இருக்கட்டும், அவளுடைய ஆராய்ச்சியில் முதல் பார்வையும் உங்களுக்கே இருக்கட்டும். ஆனால் நான் விட்ட அந்த ஒரு ரயிலுக்காக நீங்கள் என் மேல் பொறாமைப்பட்டே ஆக வேண்டும். எத்தனை ஆண்டுப் பாக்கி அது. நன்றாக வயிறெரியப் படுங்கள். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாளைக் காலை எனக்கு முதல் மருந்து. சரசுதான் கார் ஓட்டுகிறாள். உங்கள் காரைத்தான். அவள் ஓட்டுகிற வேகத்துக்குக் கருமத்தம்பட்டியில் நிறுத்தச் சொல்லக்கூட நேரம் இருக்காது. எத்தனை முறை கூப்பிட்டாலும் அத்தனை முறையும் போய் உட்காருவேன். முடி கொட்டினால் கொட்டட்டும், எனக்குக் கொட்ட என்ன இருக்கிறது. வளர்மதி அந்த ஜீனுக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுக்கும் வரையில், அவளுக்கு அலுப்பு வந்தால் சாய்ந்துகொள்ள இந்தத் தோள் திருப்பூரில் இருக்கும். இது உங்கள் மேல் ஆணை. வேறு யார் மேல் ஆணையிட்டாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

உங்களைச் சந்திக்க எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

என்றும் உங்களைப் பார்த்து வயிறெரியும்,
உங்கள் மச்சான்,
சரசுவின் அண்ணன், வளர்மதியின் தாய்மாமன்,
வேலுச்சாமி
திருப்பூர்